மில்லை நிறுத்திவிட்டுச் சடுகுடு

பொங்கல் கழிந்த நாலாம் நாள், சம்பா அறுப்பு உச்சத்தில் இருக்கும்போது, கோவர்த்தனன் தன் அரிசி மில்லை நிறுத்தினார். எஞ்சின் கெட்டுப்போகவில்லை. டீசல் தீர்ந்துவிடவில்லை. கோபத்தில் நிறுத்தினார். ஏழு தகப்பன்மார் மேல் வந்த கோபம்.

அந்த ஏழு பேரும் தங்கள் பிள்ளைகளைத் திருப்பதிக்கு அனுப்ப முடியாது என்றார்கள். ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அங்கே விளையாட்டுப் போட்டி. ஆலஞ்சேரி போர்டு ஸ்கூலுக்குச் சடுகுடுவில் ஓர் இடம் கிடைத்திருந்தது. முந்தின ஏப்ரல் வரைக்கும் ஆலஞ்சேரி செங்கல்பட்டு ஜில்லா. சத்தியவேட்டைச் சுற்றின ஊர்களோடு சேர்த்து அதையும் ஆந்திராவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வரப்புகூட நகரவில்லை, ஊர் மட்டும் சித்தூர் ஜில்லாவுக்குப் போய்விட்டது. புது ஜில்லாவில் இவர்கள் பிள்ளைகள் காலெடுத்து வைக்கப்போகும் முதல் ஆட்டம் இது.

"அறுப்பு நேரத்துல ஆட்டத்துக்கு இட்டுக்கினு போறேன்னு வரியே மச்சான், உனுக்கு புத்தி கித்தி இருக்குதா?" என்று கேட்டான் ஆதிநாராயணன். அவன் மகன்தான் அணியிலேயே கெட்டிப்பிடி பிடிக்கிறவன். "சடுகுடு ஆடினா கட்டு தானா களத்துக்கு வந்துருமா?"

"வராது. என் மில் ஆளு ஒருத்தன் உன் கழனிக்கு வருவான். ரெண்டு நாளைக்கு உன் புள்ள செய்யற வேலையெல்லாம் அவன் செய்வான். கட்டு தூக்குவான், மாடு ஓட்டுவான். இன்னும் இன்னா சாக்கு வச்சிருக்க, அதையும் சொல்லு!"

ஆதிநாராயணன் மகனை அனுப்பச் சம்மதித்தான். பிள்ளைக்கு ஒரு ஆள் வீதம் ஏழு ஆட்களும் ஏழு கழனிகளில் இறங்கினார்கள். மில் வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நின்றன. திரும்பிப் போகச் சொன்னார். சொந்த மகன் சம்பத் அணித் தலைவன் என்பதால் செய்கிறார் என்று நாலு பேர் பேசினார்கள். அவன் எட்டாவது ஆள். அவனுக்குப் பதில் யாரும் கழனிக்குப் போகவில்லை, போன ஏழு ஆளும் ஊரார் பிள்ளைகளுக்காகப் போனவர்கள் என்பது அந்த நாலு பேருக்கும் தெரியும்.

கோவர்த்தனனின் கோபத்துக்கு வயது முப்பத்திரண்டு. பதினோரு வயதில் அவர் கோட்டைத் தொட்டுத் திரும்பாத ஆட்டமே கிடையாது. மூன்று ஊர்ப் பையன்கள் சேர்ந்து பிடித்தும் நழுவி வந்த கால்கள். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அவருடைய நைனா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போய்ச் செங்குன்றத்துக்கு நெல் ஏற்றிப்போகும் வண்டியில் உட்கார வைத்தார். அங்கே மூட்டை. இருபது வருஷம் மூட்டை. அப்புறம் ஒரு பழைய எஞ்சினை வாங்கி வந்து, எவனையும் கூப்பிடாமல், பிரித்துத் துடைத்து மாட்டி, ஊரில் முதல் மில்லை ஓடவைத்தார். படிப்பு இரண்டாம் கிளாஸ், அதிலும் பாதி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எஞ்சினைத் தனியாளாகப் பூட்டின இன்னொருத்தன் அந்த வட்டாரத்தில் இருந்தால் காட்டட்டும் பார்ப்போம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் ஞானசிங் மில்லுக்கு வந்தார். கையில் ஒரு கவர். போட்டிக்கு அழைப்பு ஆங்கிலத்தில் ஒரு தாள், தேதியும் இடமும் அதில் இருந்தன. அதோடு தெலுங்கில் மூன்று பக்கம்.

"தெலுங்குதான் எனக்குப் படிக்க வராதுங்க. புது டீச்சர் கிருஷ்ணம்மா லீவு முடிஞ்சி திங்கக்கெழம வந்துடுவாங்க. அவங்கள படிக்கச் சொல்லிக் கேட்டுக்கலாம்" என்றார் வாத்தியார்.

"சடுகுடுக்கு இன்னா சார் பொஸ்தகம்? நான் பாக்காத ஆட்டமா, நான் பேசாத தெலுங்கா? குடு இப்பிடி."

பேசுவார், உண்மைதான். நாயுடுபேட்டை வியாபாரிகளோடு மணிக்கணக்கில் தெலுங்கில் சண்டை போடுவார். எழுத்து மட்டும் தெரியாது. அதை வாத்தியாரிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் மகள் அலர்மேல்மங்கை அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு வயது. மில் களத்தில் காயும் புழுங்கல் நெல்லுக்குக் காவல் அவள்தான். ஆடு வாய் வைப்பதற்குள் களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் நிற்பாள். அப்படி ஒரு ஓட்டம்.

"நைனா, அத்த இப்பிடி குடு. டீச்சரம்மா சொல்லிக் குடுத்துக்கீறாங்க, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்."

"போம்மா போ. ஆம்பளப் பசங்க ஆட்டத்துக்கு வந்த காகிதம். ஆடு துன்னுது பாரு அங்க, போய் ஓட்டு!"

தாள்களை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திருப்பதிக்குக் கிளம்பும்போதும் அவை பையில்தான் இருந்தன. விளையாட்டுக்காரர்களை அழைத்துப்போகிறவர் சட்டைப்பையில் சர்க்கார் காகிதம் இருப்பது ஒரு கௌரவம் அல்லவா?

மில் லாரியில் பழனி வண்டியோட்ட, பையன்கள் வைக்கோல் மேல் உட்கார்ந்து வழி நெடுகப் பாடிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கத்துச் சடுகுடுவுக்குப் பாட்டு உண்டு. ஏறிப்போகிறவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும், பாட்டு அறுந்தால் அவுட். ஆளுக்கு ஒரு பாட்டு, அவனவன் கட்டியது. சம்பத்தின் பாட்டு, "எங்க நைனா மில்லுக்காரன், எதுக்க நின்னா தூளு தூளு தூளு" என்று போகும். அதைக் கேட்கும்போதெல்லாம் கோவர்த்தனன் மீசையைத் தடவிக்கொள்வார்.

திருப்பதியில் மைதானம் மலையைப் பார்த்தபடி இருந்தது. எதிர் அணி அந்த ஊர்ப் பையன்கள், காலில் கான்வாஸ் ஷூ. நம் பையன்கள் வெறுங்கால். நடுவர் ரங்கையா, பனியனும் வெள்ளைப் பேண்டும் போட்ட டிரில் மாஸ்டர். விசில் ஊதினார். சம்பத் ஏறினான்.

"எங்க நைனா மில்லுக்காரன்..."

விசில்.

"அவுட்டு!"

சம்பத் திகைத்து நின்றான். அடுத்தவன் ஏறினான், தன் பாட்டைப் பாடினான். விசில். அவுட்டு. ரங்கையா கையை ஆட்டித் தெலுங்கும் தமிழுமாக, "பாட்டுக் கூடாது பாபு, கபடி அனு, கபடி கபடின்னு சொல்லு" என்றார். பையன்கள் கோட்டுக்கு வெளியே நின்ற கோவர்த்தனனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "பாடுங்கடா! நம்ம பாட்ட நிறுத்த இவன் யாரு? கூப்பிட்ட குரலுக்கு ஓடியாந்தா நம்ம ஆட்டத்தையே மாத்துவானா? பாடு, நான் கீறேன்!"

பாடினார்கள். மூன்றாமவன் அவுட். நாலாமவன் அவுட். ஆதிநாராயணனின் மகன் பாடப் பயந்து முணுமுணுத்தான், அதற்கும் விசில். பாதி ஆட்டம் முடியும்போது திருப்பதிக்குப் பத்தொன்பது, ஆலஞ்சேரிக்கு நாலு.

கோவர்த்தனன் கோட்டைத் தாண்டி உள்ளே போய் ரங்கையாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். ஊர் பேர் தெரியாதவன் என்று நினைத்தாயா, தமிழ்ப் பையன் என்றால் இளக்காரமா, ஆந்திராவில் நியாயம் இப்படித்தானா என்று தெலுங்கிலேயே விளாசினார். வேடிக்கை பார்த்தவர்கள் கூடிவிட்டார்கள். ரங்கையா பொறுமையாகக் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார்.

"அய்யா, ரூல்ஸ் எல்லாருக்கும் ஒகட்டே, ஒண்ணுதான். சர்க்குலர்ல எழுதி ஒரு மாசம் முந்தியே அனுப்பினோமே. உங்க ஸ்கூலுக்கு ராலேதா, வரலியா?"

சொல்லிக்கொண்டே அவர் பார்வை கோவர்த்தனனின் சட்டைப்பைக்குப் போனது. தாள்களின் நுனி வெளியே தெரிந்தது. கையை நீட்டினார். கோவர்த்தனன் எடுத்துக் கொடுத்தார், கொடுக்காமல் என்ன செய்வது? ரங்கையா மூன்றாம் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்துப் படித்து, தமிழிலும் சொன்னார். ஏறுகிறவன் கபடி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது. சொன்னால் அவுட்.

"நீங்க படிக்கலியா?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஏளனமாகக் கேட்கவில்லை. அதுதான் கோவர்த்தனனுக்கு இன்னும் எரிந்தது.

பழனி லாரிப் பக்கமிருந்து ஓடிவந்தான். "மொதலாளி, ஏத்துங்க பசங்கள! தமிழ்ப் பசங்கன்னுதான் அவுட்டு குடுக்கறானுங்க. ஆட மாட்டோம்னு சொல்லிட்டுப் போவோம். ஊருல யார் கேட்டாலும் இதான் கதை, அப்பால ஒருத்தன் வாயத் தொறப்பானா?"

திறக்கமாட்டான். அது கோவர்த்தனனுக்கு நன்றாகத் தெரியும். எல்லைச் சண்டையின் சூடு ஆறாத நாட்கள். ஆந்திராக்காரன் நம் பிள்ளைகளை ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் சத்தியவேடு முதல் ஊத்துக்கோட்டை வரை ஊரெல்லாம் மாலை போட்டு வரவேற்கும். லாரியின் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். ஏறியிருந்தால் வாழ்நாள் பூராவும் அந்தக் கதையைச் சொல்லித் திரிந்திருக்கலாம்.

சம்பத் பின்னாலேயே வந்தான். கன்னத்தில் மண். "நைனா, அந்தாளு படிச்சாரே, அந்தக் காகிதம் உன் பையிலதான இருந்துச்சி?"

பையன்கள் எட்டுப் பேரும் நின்றார்கள். அறுப்புக் கழனியிலிருந்து அவர் பிடுங்கிக்கொண்டு வந்த பையன்கள். இந்த ஒரு ஆட்டத்துக்காக வந்தவர்கள். இவர்களை இப்போது லாரியில் ஏற்றினால், முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் காதைப் பிடித்து இழுத்த கைக்கும் தன் கைக்கும் என்ன வித்தியாசம்? காலைப் படியிலிருந்து எடுத்தார்.

"ஆமாண்டா. என் பையிலதான் இருந்துச்சி. எனக்குத் தெலுங்கு படிக்க வராது. வராதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு பையில வச்சிக்கினேன். தப்பு அந்தாளுது இல்ல, என்னுது. போதுமா?" அதையும் திட்டுகிற மாதிரிதான் சொன்னார். அவருக்கு வேறு விதமாகப் பேச வராது.

ஆதிநாராயணனின் மகன் மெதுவாகக் கேட்டான். "அப்ப எங்கள எதுக்கு மாமா அந்தக் கத்து கத்துனீங்க?"

ஒருத்தன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிப்பு அப்பால. போங்கடா, கபடின்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதான, மூச்சு உங்குளுதுதான?"

மூச்சு அவர்களுடையதுதான். பாட்டு போனாலும் காலும் கையும் போய்விடவில்லை. மீதி ஆட்டத்தில் ஒரு தடவைகூட வார்த்தைக்காக விசில் ஊதவில்லை. ஆதிநாராயணனின் மகன் கான்வாஸ் ஷூக்காரன் ஒருவனைக் கணுக்காலில் பிடித்த பிடியில் ரங்கையாவே "சபாஷ்" என்றார். பிற்பாதியில் இவர்களுக்குப் பதினேழு, திருப்பதிக்கு ஒன்பது. மொத்தத்தில் ஏழு புள்ளியில் தோற்றார்கள். முற்பாதியில் வார்த்தைக்காக மட்டும் போன புள்ளிகளைக் கோவர்த்தனன் விரல் விட்டு எண்ணினார். ஏழுக்கு மேலேயே வந்தது. ஜெயிக்கவேண்டிய ஆட்டம்.

பையன்கள் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது மைதானத்தின் மறுபக்கம் கொடி அசைந்தது. பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கோட்டில் நின்றார்கள். விசில் அடித்ததும் ஓடினார்கள்.

"இது இன்னா சார்?" என்று ரங்கையாவைக் கேட்டார்.

"நூறு கெஜம் ஓட்டப் பந்தெம். பன்னிரண்டு, பதிமூணு வயசு ஆடபில்லலுக்கு. அதே சர்க்குலர்தான் அய்யா, மொதல் பக்கம்."

முதலாவதாக வந்த பெண்ணை அவர் பார்த்தார். நல்ல ஓட்டம்தான். ஆனால் ஆட்டை விரட்டிக்கொண்டு களத்தில் பறக்கிற ஓட்டத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. படிக்கிறேன் என்று கையை நீட்டினவளை அவரே விரட்டி அனுப்பினார். ஊரில் ஏழு தகப்பன்மாரை எந்தெந்த வார்த்தையால் திட்டினாரோ, அத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்தன.

மறுநாள் காலையில் ஆதிநாராயணன் மில்லுக்கு வந்தான். பழனி அதற்குள் தன் கதையை ஊரில் பரப்பியிருந்தான்.

"ஆந்திராக்காரனுங்க ஏமாத்திப்புட்டானுங்களாமே மச்சான்?"

"எவனும் ஏமாத்தல. காகிதத்துல வெவரமா எழுதி அனுப்பிக்கீறான். நான் படிக்காம கெடுத்தேன். உன் புள்ள புலி மாதிரி ஆடினான். அடுத்த வருசம் அனுப்ப மாட்டேன்னு சொல்லிப் பாரு, உன் நெல்லு என் மில்லுல ஏறாது!"

கோவர்த்தனன் களத்தைப் பார்த்துக் கத்தினார். "எவண்டா அங்க? நெல்ல வாரு! இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நாலடி அகலத்துக்கு வாரி ஓரமாக் குவி, வழி உடு! தெனம் காலையில ஒரு மணி நேரம் இந்த வழியில ஒரு நெல்லு கெடக்கக்கூடாது!"

அலர்மேல்மங்கை கையில் குச்சியோடு வந்து நின்றாள். பெண்களுக்கு ஓட்டம் இருந்தது என்று சம்பத் ராத்திரியே சொல்லிவிட்டான். காலையிலிருந்து அவள் நைனாவோடு பேசவில்லை.

சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்து அவளிடம் நீட்டினார். "படி. மூணு பக்கத்தையும் ஆளுங்களுக்குக் கேக்கற மாதிரி சத்தமாப் படி."

அவள் வாங்கவில்லை. குச்சியை அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல நீ ஆட்ட ஓட்டு நைனா" என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாரி முடிக்காத நெல்லின் ஓரமாக ஓட ஆரம்பித்தாள்.