பாசியின் விரோதி

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்குப் பரம விரோதி பாசிதான். குளிக்க வந்தவர் படியில் வழுக்கி விழுந்தால் பழி லாட்ஜ்காரர் தலையில். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து லாட்ஜ் தொடங்கிய என் கணவர் இந்த விரோதத்தை எல்லைப் பாதுகாப்பாகவே எடுத்துக்கொண்டார். காலையில் காப்பிக்கு முன்பே ஒரு கையில் பிளீச்சிங் பவுடர், மறுகையில் துடைப்பம். அப்படிப்பட்டவருக்குப் போய், தென்காசியில் தாவரவியல் பாடம் நடத்துகிற நான் மனைவியாக வாய்த்தேன்.

ஒரு சீசன் முடிந்ததும் பேரூராட்சியிலிருந்து சொல்லிவிட்டார்கள்: குளியலறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் வாய்க்காலில் விட்டால் அடுத்த சீசனுக்கு லாட்ஜைத் திறக்க முடியாது. அவருடைய சேமிப்பு முழுக்க அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. சுத்திகரிப்பு இயந்திரம் வாங்க வழியில்லை. நான் நுண்பாசி வளர்க்கலாம் என்றேன். கழிவுநீரில் உள்ள சத்தைத் தின்று அது வளரும், தண்ணீர் தெளியும், பாசியை வடித்துக் காயவைத்தால் எண்ணெய் எடுத்து டீசல்கூடச் செய்யலாம்.

"ஏட்டி, நான் தேய்ச்சுக் கழுவுததை நீ தொட்டி கட்டி வளக்கப் போறியா?" என்றார். டீசல் என்றதும் கொஞ்சம் இளகினார்.

லாட்ஜை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆழமில்லாத தொட்டிகள் கட்டினோம். தண்ணீர் கீரை வேகவைத்த நிறத்துக்கு வந்தது. கடைசித் தொட்டியில் பாசி அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் வந்தது. கிடைத்த எண்ணெய் தாளிக்கக்கூடக் காணாது. அவரோ அதைக் குப்பியில் அடைத்து, "நம்ம லாட்ஜ் டீசல்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

பேரூராட்சி அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தின சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது எல்லாத் தொட்டிகளும் பளிங்குபோலக் கிடந்தன. அடியில் வெளுத்த சேறு.

"ஆபீசர் வாராருல்லா. பச்சையாக் கெடந்தா என்ன நெனப்பாரு? அதான் பிளீச்சிங் போட்டேன். பளிச்சுன்னு இருக்கு பாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதுதாங்க வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு. மொத்தத்தையும் கொன்னுட்டீங்க."

மறுநாள் அதிகாரி மூக்கைச் சுளித்தார். "என்ன சார், நீச்சல் குளமா? இதை வாய்க்கால்ல விட்டா மீனெல்லாம் செத்து மிதக்கும்." சீசனுக்கு முன்னால் இன்னொரு தடவை வருவதாகச் சொல்லிப் போனார். என் கணவர் அன்று சாப்பிடவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் ஆய்க்குடிக் குளத்திலிருந்து ஸ்கூட்டரில் கேன் கேனாகப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். சட்டையெல்லாம் பாசி. பக்கத்து லாட்ஜ்காரர், "என்ன அண்ணாச்சி, வெளிய கொட்டுததை உள்ள கொண்டு வாறீய?" என்று சிரித்தார். இவர் அடுத்த கேனை இறக்கினார்.

"உசுரோட இருக்கான்னு பாரு" என்று என்னிடம் கேனை நீட்டினார். இருந்தது. கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அதிகாரி மறுபடி வந்தபோது தொட்டி பச்சைப்பசேலென்று இருந்தது, வெளியேறிய நீர் தெளிவாக இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, தொட்டிக்குள் விரலை விடக் குனிந்தார்.

என் கணவர் குறுக்கே போய் நின்றார். "சார், கையில பிளீச்சிங் கிளீச்சிங் இருந்தா தொடாதீங்க. அதுக்கு ஆகாது."