சர்க்கரை இறங்கினால் கன்னடம் போய்விடும்

காலை ஏழு மணிக்கு மைசூரில் எங்கள் தெரு முழுக்க தோசை வாசனை அடிக்கும். எதிர்வீட்டிலிருந்து நெய், பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய்ச் சட்னி. நான் மட்டும் முள்கரண்டியும் கையுமாக ஒரு கிண்ணம் பாஸ்தாவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். லோ-கார்ப் பாஸ்தா என்று அதற்குப் பெயர். மாவுச்சத்தைக் குறைத்து, சோயாவும் பயறும் சேர்த்துச் செய்ததாம். மென்றால் சைக்கிள் ட்யூப் ஞாபகம் வரும். என் மனைவி கடுகும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டி, அதற்கும் எங்களுக்கும் ஒரு சொந்தபந்தம் ஏற்படுத்தப் பார்க்கிறாள். ஒட்டவில்லை. மாடியிலிருந்து இறங்கி வரும் வீட்டுக்காரர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதேனு சார், முத்தெ தின்னி" என்பார். முத்தெ என்கிற ராகிக் களியை மெல்லாமல் விழுங்கினால் சர்க்கரை அண்டாது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. எங்கள் சொந்த ஊரான அந்தியூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். நான் ருசிக்காகத் தின்னவில்லை, பயந்து தின்கிறேன்.

பயத்துக்குக் காரணம் என் அண்ணன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் ஊரில் சர்க்கரை வியாதியை யாரும் வியாதியாக மதிப்பதில்லை. வீட்டு வரி மாதிரி எல்லாருக்கும் வருவது என்று விட்டுவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் அண்ணன் இரண்டாவது ஜிலேபியைக் கேட்டு வாங்குவார். நான் முறைத்தால், "எப்படியும் ஒருநாள் சாவறதுதான் சாமி, இந்த ஜிலேபி போனா வருமா?" என்பார். பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன். பிறகு இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். அடுத்து இன்னும் இரண்டு விரல். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு நான் மைசூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். போர்வையை அவர் விலக்கிப் பார்க்கவே இல்லை. "எதுவரைக்கும் எடுத்திருக்காங்கன்னு நீயே பாத்துச் சொல்லு சாமி, எனக்குப் பயமா இருக்குது" என்றார். நான் விலக்கிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அதனால் எனக்கும் சர்க்கரை என்று மைசூரில் டாக்டர் சொன்னபோது, அவர் சொன்ன எண் என் காதில் விழவே இல்லை. கண்ணுக்கு முன்னால் அந்தப் போர்வைதான் வந்தது. என் மகள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேசுவது தமிழ்தான், இடையிடையே கன்னடம் எட்டிப் பார்க்கும். அவள்தான் பாஸ்தாவைத் தருவித்தாள். "அப்பா, சும்னே பயந்துட்டு இருக்காதீங்க. இதைத் தின்னுங்க, ஷுகர் ஏறவே ஏறாது" என்றாள். உண்மையிலேயே ஏறவில்லை. விரலைக் குத்திப் பார்க்கும் மெஷினில் எண் குறையக் குறைய எனக்கு ஆசை அதிகமாயிற்று. காலையில் அரைக் கிண்ணமாக இருந்ததைக் கால் கிண்ணமாக்கினேன். ராத்திரியும் அதுவே. டாக்டர் எழுதிய மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. அந்த மாத்திரை சோறு தின்பவனுக்காக எழுதியது என்பதும், பாஸ்தாவைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. சர்க்கரை ஏறினால்தான் ஆபத்து, இறங்க இறங்கக் கால் பத்திரம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. தினமும் பேருந்தில்தான் போகிறேன். அன்றைக்கு ஊரைத் தாண்டியதும் உள்ளங்கை வியர்த்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு சட்டை நனைந்தது, கை நடுங்கியது, ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுவது மாதிரி இருந்தது. செத்துப்போகப் போகிறோம் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் கன்னடத்தில் வேலை வாங்குகிறவன், கன்னடத்தில் சண்டை போடுகிறவன். என்னைத் தமிழன் என்று யாரும் லேசில் கண்டுபிடித்ததில்லை. எனக்கு உடம்பு சரியில்லை, வண்டியை நிறுத்துங்கள், ஏதாவது செய்யுங்கள் என்று நல்ல கன்னடத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், என் நினைவில். பக்கத்தில் இருந்த அம்மாள் சேலையை இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். கண்டக்டர் குனிந்து மோந்து பார்த்தார். "ஏன் சார், பெளிக்பெளிக்கேனே ஹாக்கொண்டித்தீரா?" என்றார். காலங்காத்தாலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று அர்த்தம். என் வாழ்நாளில் நான் குடித்ததில்லை. அதைச் சொல்லத்தான் நாக்கு புரளவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக என்னை இறக்கிவிட்டார்கள், வண்டி போய்விட்டது.

இறக்கிவிட்ட இடத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டி இருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கரும்பைச் சீவிக்கொண்டிருந்தார். நான் அவருடைய ஸ்டூலின் மேல் சரிந்தேன். அவரும் என்னைக் குடிகாரன் என்றுதான் நினைத்தார், ஆனால் அவரிடம் குடிகாரர்களுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு பெரிய டம்ளர் கரும்புச்சாறு கொண்டுவந்தார். "குடீரி, மொதலு இதன்ன குடீரி. மனேலி ஹெண்டத்தி மக்களு இல்வா?" வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இல்லையா என்று திட்டிக்கொண்டே டம்ளரை உதட்டில் வைத்தார். அந்த நிலைமையிலும் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன் பாருங்கள். கரும்புச்சாறு. எனக்கு அது டம்ளரில் வந்த ஆபரேஷன் கத்தி. தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினேன். அந்த அம்மாள் எத்தனை குடிகாரர்களைப் பார்த்தவரோ, தாடையைப் பிடித்துத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பாதி சட்டையில் போயிற்று. மீதி உள்ளே போன சற்று நேரத்தில் தென்னை மரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

நடந்ததைக் கேட்ட டாக்டர், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதால் வந்தது என்று சொல்லி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பாஸ்தா தின்னலாம், சாப்பாட்டை மாற்றினால் முதலில் என்னிடம் சொல்லுங்கள் என்று கடிந்துகொண்டார். மகள் அழுதாள். அடுத்த வாரம் மனைவியை அழைத்துக்கொண்டு அந்தக் கரும்புச்சாறு அம்மாளைப் பார்க்கப் போனேன். குடியில்லை, சர்க்கரை இறங்கியதால் வந்தது என்று கன்னடத்தில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆய்த்து, ஈக பிட்டித்தீரா?" என்றார். சரி, இப்போது விட்டுவிட்டீர்களா என்கிறார். விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மனைவி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள். கிளம்பும்போது அந்த அம்மாள் சொன்னார், அன்றைக்கு நான் பேசிய அத்தனையும் தமிழாம், அவருக்கு ஒரு சொல்தான் புரிந்ததாம். அண்ணா, அண்ணா என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டேனாம். என் கன்னடம் முழுவதும் என்னை விட்டுப் போயிருந்தது, போனதுகூடத் தெரியவில்லை. அதைக் கேட்டதும் பேருந்தில் வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது.

இப்போது எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. ஏறினால் அண்ணனின் போர்வை, இறங்கினால் நடுரோடு. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கிறது, ஆனால் அதை எடுக்க வேண்டும் என்ற புத்தி அந்த நேரத்தில் இருக்குமா என்பதற்கு யார் பொறுப்பு? அதனால் பேருந்தில் உட்கார்ந்ததும் மனதுக்குள் கன்னடம் பேசிப் பார்க்கிறேன். கடைப் பலகைகளைப் படிக்கிறேன். கன்னடம் வருகிறவரை சர்க்கரை இருக்கிறது. தமிழ் தானாக நாக்குக்கு வந்தால் கை குளுக்கோஸைத் தேடிச் சட்டைப்பைக்குப் போகிறது. பெற்ற தாயின் பாஷையைக் கண்டு பயப்படுகிறவன் இந்த மைசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன வாரம் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அதில் இருந்த பெண் திரும்பி என்னிடம், "ஏனுங்க, நஞ்சன்கூடு கோயிலுக்கு எங்க எறங்கோணுங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பேச்சு. என் வீட்டுக்கு வெளியே அதைக் கேட்டு எத்தனையோ நாளாகிறது. "பஸ் ஸ்டாண்டுலயே எறங்கிக்கோங்க" என்று தமிழ் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இது நான் பேசுகிறேனா, சர்க்கரை இறங்கிப் பேசுகிறேனா? பதிலைக் கன்னடத்தில் சொன்னேன், நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. அவர் புருஷன் பக்கம் திரும்பி, "இவருக்குத் தமிழ் தெரியாதாட்ட இருக்குதுங்க. வேற ஆரையாச்சும் கேளுங்க" என்றார். கன்னடம் பிசகாமல் வந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை. உயிருக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.