சரஸ்வதி படத்தடியில் கப் கேக்

1986இல் ஆசிரியர் தினம் வெள்ளிக்கிழமையில் வந்தது. நாள்காட்டியில் சரிபார்த்துவிட்டே எழுதுகிறேன். நடந்த அநியாயத்தில் பாதிக்கு அந்தக் கிழமைதான் காரணம். எங்கள் பள்ளியில் வெள்ளிதோறும் காலையில் சரஸ்வதி பூசை நடக்கும்.

மலேசியாவில், ரந்தாவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் டீச்சருக்குக் கைக்குட்டையும் பவுடர் டின்னும் வாங்கி வைத்திருந்தார்கள். என் சித்தியோ சிரம்பானில் ஒரு கேக் கடையில் வேலை செய்தவள். வியாழன் மாலை பஸ் ஏறி வந்து, தோட்டத்துக் கணக்கர் கிராணியின் வீட்டிலிருந்து ‘அவன்’ அடுப்பை இரவல் வாங்கி, கப் கேக் சுட்டாள். வெண்ணெயும் சீனியும் அடித்துச் சாயம் கலந்து, பிளாஸ்டிக் பையின் மூலையை நறுக்கி, ஒவ்வொன்றின்மேலும் ரோசா இதழ்களைப் பிழிந்தாள். அட்டைக் கூம்பில் அடுக்கி, பச்சைக் காகிதத்தை இலையாகச் செருகி, கண்ணாடித்தாள் சுற்றினால் அசல் பூங்கொத்து.

ஒரே ஒரு பூவை என்னைப் பிழியவிட்டாள். அது கோணிக்கொண்டது.

“நடுவுல வைப்போம்லா. டீச்சர் மொத அததான் எடுப்பாங்க” என்றாள்.

அது போதும் எனக்கு. வகுப்பே பார்க்க டீச்சர் என் பூவைக் கடிக்க வேண்டும்.

காலையில் டீச்சர் கையில் கொடுத்தபோது பூசை மணி அடித்தது. “அட, ரோசாவா!” என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையை நடத்திக்கொண்டு போய், சரஸ்வதி படத்தடியில், குத்துவிளக்கின் பக்கத்தில் அதை வைத்துவிட்டார். பூசையில் பேசினால் பிரம்படி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தேவாரம் முடிவதற்குள் விளக்கின் சூட்டில் இதழ்கள் வழிய ஆரம்பித்தன.

தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். “யார் கொண்டாந்தது? என்ன இது?”

“கேக் சார்.”

“கேக்கா? முட்ட போட்டதா?”

“ஆறு முட்ட சார். எல்லாம் எங்க வீட்டுக் கோழி போட்டது” என்றேன் பெருமையாக.

“வெள்ளிக்கெழம அதுவுமா சாமிக்கு முட்டையா! ஒங்க வீட்டுல இததான் சொல்லிக் குடுத்தாங்களா?”

நான் டீச்சரைப் பார்த்தேன். வைத்தது அவர். ‘நான்தான் சார் வெச்சேன்’ என்று சொன்னால் முடிந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை மஞ்சள் நீரால் கழுவினார்கள். பூங்கொத்தைப் பின்பக்கம் வீசினார்கள். என்னை வெயிலில் நிறுத்தினார்கள். சன்னலிலிருந்து ஒருத்தி கத்தினாள்: “ஏய், ஒன் பூவ கோழி திங்குதுலா!”

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தி மட்டும், “நெசப் பூவுன்னு நெனச்சிட்டாங்களா? அவ்ளோ நல்லாவா செஞ்சிருக்கோம்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவளோடும் பேசாமலிருந்தேன்.

திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் டீச்சர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: “அந்தக் கேக்கு எப்படிம்மா இருந்துச்சு?”

“கோழியக் கேளுங்க டீச்சர்.”

அவர் திட்டவில்லை. என் தலையில் கையை வைத்தார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். ஆறு முட்டைக்கும் சித்தியின் ஒரு நாள் லீவுக்கும் பதில் சொல்லாத கை, என் தலையில் எதற்கு?

அவர் தற்காலிக ஆசிரியை என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். தற்காலிகம் என்றால் இளவயது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த ஆண்டு அவர் வகுப்பில் நிற்பதும் வீட்டில் உட்காருவதும், அன்று விளக்கருகே கத்திக்கொண்டிருந்த அந்த ஒரு மனிதரின் கையெழுத்தில் இருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.