கை தட்டாத ஒருத்தி

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் நாலு பேர். ஒரு காலத்தில் அது ஒரு ராக் பாண்டு. இப்போது வெறும் குட் மார்னிங். டிரம்ஸ் வாசித்தவன் துபாயில் ஏசி விற்கிறான். பேஸ் கிட்டார்காரன் கனடாவில் பேரனைத் தூக்கிக்கொண்டு படம் அனுப்புகிறான். தொண்டை கிழியக் கத்திப் பாடியவன் கொச்சியில் யோகா வகுப்புக்குப் போகிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவர்களில் ஒருத்தன் எங்கிருந்தாவது ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு வந்து போடுவான்: ராக் செத்துவிட்டது. மற்ற இருவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "செத்தது ராக் இல்லடா, நீங்கதான்" என்று எழுதுவேன். இந்த ஊரில் எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் கிட்டார் கரகரக்கிற டிஸ்டார்ஷன் சத்தம் கேட்கிறது, வந்து பாருங்கடா என்பேன். இரண்டு நீலக் கோடு மட்டும் வரும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் இருக்கும். மனைவி தவறிப்போய் இரண்டு வருஷமாகிறது. மகள் ஹைதராபாதில். ஒருத்தனுக்குச் சோறு வைக்கிற அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

இவ்வளவு வாய் பேசுகிற நான் கிட்டாரைத் தொட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. அது பீரோ மேலே உறைக்குள் கிடந்தது. ராக்கைக் கொன்றவர்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு, அதை மட்டும் குழுவில் சொன்னதில்லை. போன புரட்டாசியில் அதை இறக்கித் துடைத்துப் படமெடுத்து, விற்பனைக்கு என்று போனில் போட்டேன். வாசித்தால் கேட்க ஆளில்லாத வீட்டில் அது எதற்கு? ஆள் இருந்தபோதும் யார் கேட்டார்கள் என்ற பழைய வயிற்றெரிச்சலும் கூடவே இருந்தது.

அந்த வயிற்றெரிச்சல் கல்யாணமான முதல் வருஷத்தில் தொடங்கியது. நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே படிக்க வந்து வேலையிலும் ஒட்டிக்கொண்டவன். அவள் இதே ஊர் ஸ்ரீவராகத்துக்காரி, பிறந்ததிலிருந்து அதே தெரு. எங்கள் பாண்டின் நிகழ்ச்சிக்கு அவளைக் கூட்டிப்போய் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தேன். நான் ஒரு சோலோ வாசித்தேன். என் ஆயுளில் அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை. மொத்தக் கூட்டமும் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடியது, விசிலடித்தது. அவள் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, என் விரலையே பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்தும் கை தட்டவில்லை. "உம் பொண்டாட்டி என்னடா, சாமி கும்பிட வந்த மாதிரி உக்காந்திருக்கா" என்று டிரம்ஸ்காரன் சிரித்தான். எனக்கு மானம் போயிற்று.

அதையாவது பொறுத்திருப்பேன். அடுத்த மாதம் எங்கள் ஆபீஸ் ஆண்டு விழா. சூப்பரின்டெண்டென்ட் ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, சுருதிக்கும் அவருக்கும் ஏழு ஜென்மப் பகை மாதிரி பாடினார். இவள் பளிச்சென்று சிரித்துக்கொண்டு படபடவென்று கை தட்டினாள்! வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். "அந்தக் கழுதைக்குத் தட்டத் தெரியுது, எனக்குத் தட்டக் கை வரலையோ?"

அவள் தலைப்பூவை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்குக் கை தட்டலாம்."

அவ்வளவுதான். அவள் எப்போதும் நாலு வார்த்தைக்காரி. எனக்கோ ரோஷம் மூக்குக்கு மேல். அதற்கும் தகுதி இல்லாததா என் வாசிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளை எந்த நிகழ்ச்சிக்கும் கூப்பிடவில்லை. அவளும் வரட்டுமா என்று கேட்கவில்லை. பாண்டு கலைந்தது, கிட்டார் பீரோ மேல் ஏறியது. மற்றபடி நல்ல குடித்தனம்தான் நடத்தினோம், இருபத்தைந்து வருஷம். அந்த ஒரு பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

கிட்டார் விற்பனைக்கு ஒருத்தர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். அது நவராத்திரி வாரம். பக்கத்து வீட்டில் இருக்கிற என் மைத்துனன், மனைவியின் தம்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நின்றான். "அத்திம்பேரே, இன்னிக்கு மண்டபத்துல வயலின் கச்சேரி. அக்கா ஒரு வருஷம் விட்டதில்ல. நீங்க சும்மா இங்க இருந்து என்ன செய்யப் போறேள்? வாங்கோ."

கோட்டைக்குள் இருக்கிற அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் இத்தனை வருஷமும் கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடிக்கப் போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. கச்சேரி என்றாலே எனக்குத் தூக்கம், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும் என்பது வேறு. நவராத்திரி ஒன்பது நாளும் அவள் தனியாகத்தான் போய் வருவாள். அன்றைக்கு ஏனோ மறுக்கத் தெம்பில்லை. வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

வயலின்காரர் கடைசியில் பிடித்தார் பாருங்கள், ஒரு ஓட்டம்! வில் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குள் எதுவோ உறக்கம் கலைந்து எழுந்தது. எங்கள் மேடையின் வெறி அப்படியே அதில் இருந்தது. அவர் நிறுத்தின கணமே நான் ஓங்கிக் கை தட்டினேன். இரண்டே தட்டு. மண்டபம் முழுக்கக் கேட்டது. ஏனென்றால் வேறு யாரும் தட்டவில்லை.

மைத்துனன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். "இங்க கை தட்டப்படாதாக்கும், அத்திம்பேரே. தேவிக்கு வாசிக்கறா. தட்டினா நமக்கு வாசிச்சதாயிடும். சின்ன வயசுல என்னையும் அக்காவையும் உக்கார வச்சு அப்பா முதல்ல சொன்னது இதுதான்."

வெட்கத்தில் காது சுட்டது. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். நூறு பேர் இருக்கும். எல்லோரும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாசித்தவரின் விரலைப் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மைத்துனன் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அடப்பாவி, அவள் எனக்குச் செய்ததை வேறு யாரும் எனக்குச் செய்ததில்லையே என்று வாய்விட்டே சொல்லி அழுதேன். அதைக் கேட்கவும் அந்த வீட்டில் ஆளில்லை.

ஞாயிறு காலை அந்த மனிதர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஊர் தூத்துக்குடிப் பக்கம்; இங்கே விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். ஊரில் சர்ச்சில் கிட்டார் கற்றுக்கொண்டதாகவும், இங்கே அறையில் தனியாகப் பழைய கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு ராக் வாசிப்பதாகவும் சொன்னார். கூட வாசிக்க யாருமில்லையா என்று கேட்டேன். "யாருக்கு சார் நேரம் இருக்கு? நாமளே வாசிச்சு நாமளே கேட்டுக்கிட வேண்டியதுதான்" என்றார். புதுக் கம்பி மாட்டி வைத்திருந்தேன். ஆம்ப்ளிபயரில் செருகிக் கொடுத்தேன்.

முதலில் தடுமாறினார். ஒரு இடத்தில் விரல் வழுக்கிற்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல், உள்ளே இருப்பதையெல்லாம் இறக்கி வைக்க ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் மைத்துனன் வந்து எட்டிப் பார்த்தான். செத்துவிட்டதாம், ராக்! குழுவில் இருக்கிற அந்த மூன்று பேருக்கும் என்ன தெரியும்.

அவர் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் மெல்லச் சுருங்கியது. கிட்டாரைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், நல்லால்லையோ?" என்று கேட்டார்.

ரொம்ப நன்றாக இருந்தது, அதனால்தான் தட்டவில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் முகம் தெளிந்தது. அவர் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை; மனசில் பட்டதும் கேட்டுவிட்டார். நான் இருபத்தைந்து வருஷத்தில் அவளிடம் ஒருமுறைகூட அப்படிக் கேட்கவில்லை.