என் வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் கணவருக்கு இடமில்லையாம்!

போன வருடம், மாரி மழை தொடங்கிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்தே தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாளிலேயே பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு நாலடி நடப்பார், அவ்வளவுதான். பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்ற ஒரே சொல்தான் வரும். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். சொல்ல நினைத்தது வராமல் இடக்கையால் மேசையில் அடித்து அழுவார். பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு விசர் பிடிக்கும்.

ஒருநாள் நான் பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தபடி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து மனுசன் கூடப் பாடுகிறார்! சொல் சொல்லாக, முழுசாக! மீனைப் போட்டுவிட்டு ஓடினேன். பேச்சு போனவர்கள் சிலருக்குப் பாட்டு போவதில்லையாம், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். எவ்வளவு பாடுகிறாரோ அவ்வளவுக்கு நல்லது, ஆட்களோடு சேர்ந்து பாட விடுங்கள் என்றாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம்தான் அவருக்கு உயிர். காலையிலேயே சேர்ட்டை எடுத்துக் காட்டி அயன் பண்ணச் சைகை காட்டுவார்.

எங்கள் கூட்டம் முறை வைத்து வீடு வீடாக நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். அவருடைய பாட்டு எப்போதும் ஓர் அடி பிந்தித்தான் வரும். எல்லாரும் முடித்த பிறகும் அவர் மட்டும் கடைசி அடியைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பார். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, கூட்டத்தை நடத்தப் புதிதாக ஓர் இளம் பிரதர் வரும் வரைக்கும். கிட்டார் நன்றாக வாசிப்பார், பொய் சொல்லக் கூடாது. அவர் வந்ததோடு கூட்டத்தை ஃபோனில் லைவ் போடத் தொடங்கினார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்த்து இதயமும் கைகூப்பும் அனுப்புவார்கள். அதோடு எங்களுக்குச் சனி பிடித்தது.

"அன்ரி, அங்கிளின்ர சத்தம் லைவில கொஞ்சம் டிஸ்டேர்பா இருக்குதாம். பின்னுக்கு இருத்துவமே?" என்றார் ஒருநாள். சரி, பிரச்சினை வேண்டாம் என்று பின்னுக்கு இருத்தினேன். அடுத்த கிழமை வாசல் பக்கம். பாட வந்த மனுசனை இனி எங்கே கொண்டுபோய் இருத்துவது, லிஃப்டுக்குள்ளேயா?

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. மத்தியானம் முழுக்க நின்று கட்லட் பொரித்தேன். அவரைக் குளிக்க வார்த்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, முன்னறையில் அவருடைய கதிரையில் இருத்தினேன். ஆட்கள் வந்தார்கள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் அவரும் இல்லை, கதிரையும் இல்லை. அந்த இடத்தில் ஃபோன் ஸ்டாண்ட் நிற்கிறது! அறைக் கதவு சாத்தியிருந்தது.

"அங்கிளுக்குக் களைப்பு மாதிரி இருந்தது அக்கா. உள்ளுக்குப் படுக்க வச்சிட்டம்" என்று ஒரு சிஸ்டர் என் காதுக்குள் சொன்னார். போய்ப் பார்க்கத் திரும்பினேன். அதற்குள் பிரதர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். படுத்திருக்கிறார்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

ஜெபம் முடிந்து பிரதரின் செய்தி, பிரசங்கம்தான். அன்றைய தலைப்பு என்ன தெரியுமா? 'ஆசீர்வாதமான வீடு.' சில வீடுகளில் எவ்வளவு ஜெபித்தாலும் வியாதி விலகாதாம். உள்ளே ஏதோ ஒரு தடை இருக்குமாம். அதைக் கண்டுபிடித்து அகற்றினால்தான் ஆசீர்வாதம் இறங்குமாம். நாலைந்து பேர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு! பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பாட்டைத் தொடங்கினார்கள். முதல் அடி முடிந்ததுதான் தாமதம், அறைக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. வழக்கம்போல ஓர் அடி பிந்தி. கொஞ்சத்தில் அவர் பாட்டு நின்றுவிட்டது, கதவில் தட்டுகிற சத்தம். பிரதருக்குக் கேட்டது, எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் கிட்டாரை இன்னும் பலமாக வாசித்தார்.

எழும்பிப் போய்ப் பார்த்தேன். கடற்காற்றுக்குக் கதவு அடிக்கிறது என்று அந்தக் கதவுக்கு வெளியிலும் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தோம். அதை இழுத்துப் பூட்டியிருந்தார்கள்! நோயாளி மனுசனை, அவர் சொந்த வீட்டில், மாட்டை அடைக்கிற மாதிரி!

திறந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டித் தட்டி இடக்கை சிவந்திருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர். "சரி... சரி..." என்றார்.

"ஆர் இந்தத் தாழ்ப்பாளைப் போட்டது?" என்று கத்தினேன். கிட்டார் நின்றது.

"அன்ரி, லைவ் போகுது" என்றார் பிரதர் மெதுவாக.

"போகட்டும்! கனடாவில இருக்கிறவையும் கேக்கட்டும். இது இந்த மனுசன்ர வீடு. பேச்சுப் போன மனுசனுக்கு வாயில மிஞ்சினது கடவுளின்ர பாட்டு மட்டும்தான். அதையும் பூட்டி வச்சிட்டு நீங்கள் எந்தக் கடவுளைத் தம்பி கூப்பிடுறியள்?"

"அதில்லை அன்ரி, ஆராதனை எண்டா ஒரு ஒழுங்கு..."

"ஊருக்குத்தானோ உபதேசம்? தடை, தடை எண்டு சொன்னனீங்கள்தானே. இந்தா, நான் திறந்து விட்டிட்டன். இருக்க விருப்பமானவை இவரோட சேர்ந்து பாடுங்கோ. மற்றவை போகலாம்!"

போனார்கள். பிரதர் ஃபோனைக் கழற்றி, கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் பாதிக்கு மேல் போனார்கள். ஒருவர் கையில் எடுத்த கட்லட்டைக் கூட வைக்கவில்லை, அது வேறு. கடைசியில் நாலு பேர் மிஞ்சினார்கள். அதில் என் காதுக்குள் சொன்ன சிஸ்டரும் ஒருவர். "நான்தான் அக்கா போட்டனான். பிரதர் சொன்னவர், நான் யோசிக்கேல்லை" என்று அழுதார்.

"என்னட்டைச் சொல்லாதேங்கோ. அவரட்டைச் சொல்லுங்கோ" என்றேன். சிஸ்டர் அவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். என் கணவர் இடக்கையை நீட்டி அவருடைய தலையைத் தடவிவிட்டார். நானென்றால் அவ்வளவு சுலபமாக விட்டிருக்க மாட்டேன்.

கதிரையைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே போட்டோம். கிட்டார் இல்லாமல், அவருடைய வேகத்தில், அவர் தொடங்கிய கீர்த்தனையைப் பாடினோம். கடைசி அடியில் எல்லாரும் அவருக்காகக் காத்து நின்று சேர்ந்து முடித்தோம். ஒரு சொல் விடாமல் முழுப் பாட்டையும் பாடினார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். எனக்குக் கசப்பின் ஆவி பிடித்திருக்கிறதாம், கேள்விப்பட்டேன். பிடித்திருந்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். அந்த நாலு பேரும் இன்றுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன மாதம் ஒருநாள் காலையில் கீர்த்தனை மெட்டிலேயே "தேத்தண்ணி தா" என்று என்னிடம் பாடிக் கேட்டார் என் கணவர். அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். வியாதி விலகவில்லை, மற்றவர்கள் சாட்சி சொல்கிற மாதிரி கார் வாங்கவில்லை, விசா வரவில்லை. ஆனால் ஆசீர்வாதம் என்று நான் எழுந்து நின்று சாட்சி சொல்வதென்றால் இதைத்தான் சொல்லுவேன்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக் கூட்டத்துக்குப் போனாலும், யாரையாவது உள்ளே அடைத்து வைத்துவிட்டுப் பாடுகிறார்களா என்று முதலில் அறைக் கதவுகளைப் பார்த்துவிட்டுத்தான் வேதப் புத்தகத்தைத் திறக்கிறேன்.