பதினோரு வியாழன்

போன வியாழக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு லூர்து டீக்கடைக்கு வந்தான். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னான். அதற்கு முந்தைய வியாழனும் வந்தான். அதற்கு முந்தையதும்.

நண்பன் டீ குடிக்க வந்தால் சந்தோஷம்தானே?

இல்லை. காரணம், வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் செய்த ஒரு தப்பு. இங்கே செய்ததை இங்கேயே சொல்லிவிடுவதுதான் முறை.

லூர்து என்பது நிஜப் பெயர் இல்லை. முப்பது வருஷமாக வாடா போடா நண்பன். நம்மூர் செராமிக் பட்டறை ஒன்றில் சூளை பார்த்தவன். உள்ளே போன பொம்மை விரிசல் விடாமல் வெளியே வருவது அவன் கையில் இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் மனைவி தவறிவிட்டார். அதன் பிறகும் வேலைக்குப் போனான், கோவிலுக்குப் போனான், ஜோக் சொன்னால் சிரித்தான். நானும் நம்பிவிட்டேன்.

என் டைரிப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மழை, பஸ் லேட், யார் வந்தார், யார் வரவில்லை... எல்லாம் ஏறும். போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தொடங்கி, ‘வியாழன் — லூர்து வரவில்லை’ என்று எழுத ஆரம்பித்தேன். வரிசையாகப் பதினோரு வியாழன். கேட்டால் ஒரே பதில்தான்.

“சேத்தியாத்தோப்புல அக்கா வூட்டுக்குப் போறேன்டா.”

“வாராவாரமா? அக்காவுக்கு உன்னப் பாத்து சலிச்சிப் போவல?”

சிரித்து மழுப்புவான். எனக்குக் கோபம். அதே டைரியில் ஒரு சனிக்கிழமை, ‘லூர்து இன்று இரண்டு வடை சாப்பிட்டான், முகம் தெளிவு’ என்றும் எழுதியிருக்கிறேன். எழுதத் தெரிந்த எனக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் நம்மூர் உளவியலாளரைப் பற்றி ஒரு வாரம் எழுதினேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெயர் வேண்டாம், மேடம் என்றே சொல்கிறேன். மாடியில் ஒரு சின்ன அறை. “நான் டாக்டர் இல்லீங்க. மாத்திரை எழுத மாட்டேன். உக்காந்து பேசறதுதான் என் வேலை” என்று எல்லாரிடமும் சொல்வார். ஊர் அதைக் காதில் வாங்காமல் ‘டாக்டரம்மா’ என்றே கூப்பிடும்.

குறிப்புகளை அலமாரியில் பூட்டி வைப்பது, சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல மறுப்பது — இப்படித் தன் தொழில் ஒழுக்கங்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒன்று சொன்னார்.

“எங்கிட்ட வர்றவங்கள வெளியில பாத்தா நான் முதல்ல பேச மாட்டேங்க. அவங்களா வந்து பேசினா பேசுவேன். கூட இருக்கறவங்க ‘இவங்கள உனக்கு எப்படித் தெரியும்’னு கேட்டா, பாவம், என்ன பதில் சொல்லுவாங்க?”

என்ன நாகரிகம்! உருகிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், இந்த இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

“இது வேணுங்களா சார்?”

“கட்டுரைக்கு உசுரே அதுதாங்க மேடம்.”

கொஞ்சம் யோசித்தார். “சரி... எழுதுங்க.”

அன்றைய டைரியில் இருக்கிறது: ‘அந்த வரியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை.’ பெருமையாக, அடிக்கோடு போட்டு.

பெரிய நகரத்தில் அந்த வரியால் ஒன்றும் ஆகியிருக்காது. அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நம்மூர் அப்படியா? எதிரில் வருகிறவர் ‘சாப்டீங்களா’ கேட்காமல் தாண்டிப் போனால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிற ஊர். இந்த ஊரிடம் போய், மேடம் யாரைப் பார்த்துப் பேசவில்லையோ அவர் மாடிக்குப் போகிறவர் என்று அச்சில் சொல்லிவிட்டேன். பூட்டைப் புகழ்கிறேன் என்று சாவியைத் தெருவில் வைத்தேன்.

மாசி மகம் முடிந்த சமயம். பட்டறை முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பு. பந்தியில் என் பக்கத்தில் லூர்து. எதிர் வரிசையில் முதலாளியின் மச்சான். மேடம் சாப்பிட்டு எழுந்து எங்களைத் தாண்டி வந்தார். என்னிடம், “நல்லா இருக்கீங்களா சார்?” மச்சானிடம், “பாப்பா பத்தாவது பரீட்சைக்குப் படிக்குதுங்களா?” லூர்து மேல் அவர் கண் படவே இல்லை. லூர்துவோ, இலையில் இல்லாத எதையோ குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.

அவர் போனதும் மச்சான் சிரித்தார்.

“இன்னா லூர்தண்ணே, டாக்டரம்மா உங்கள மட்டும் கண்டுக்காம போறாங்க?”

“எனக்கு அவங்களத் தெரியாதுப்பா.”

“தெரியாதவங்களுக்குக்கூட வணக்கம் வைக்கிற அம்மாவாச்சே! தெரிஞ்சாத்தானே வைக்க மாட்டாங்க? சாரே எழுதியிருந்தாரே... இல்லீங்களா சார்?”

வரிசையே சிரித்தது. மச்சான் பொல்லாதவர் இல்லை. என் வாசகர். இந்தப் பத்தியை வாராவாரம் வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பவர். நான் எழுதியதை ஓர் எழுத்து பிசகாமல் புரிந்துகொண்டவர்.

எனக்கும் அந்த நொடியில்தான் பதினோரு வியாழனுக்கும் விடை கிடைத்தது. ‘அவன் அக்கா வீட்டுக்குப் போகிறவன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லூர்து என் முகத்தைப் பார்த்தான். நான் என் இலையைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் முதலாளி லூர்துவைக் கூப்பிட்டார். அதட்டவில்லை. “கொஞ்ச நாளு பேக்கிங்ல இருங்க லூர்து. நெருப்பு வேல... மனசு ஒரு மாதிரி இருக்கறப்ப எதுக்கு ரிஸ்க்கு?” அக்கறையாகத்தான் சொன்னார். அதிலிருந்து லூர்து அட்டைப்பெட்டிகளில் பொம்மைகளுக்கு நடுவே வைக்கோல் திணித்துக்கொண்டிருக்கிறான். மனைவி போனதிலிருந்து ராத்திரித் தூக்கமே இல்லையாம். மாடிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்கினானாம். எல்லாம் முடிந்த பிறகு அவனே சொன்னான். தனக்கு ஒன்றுமில்லை என்று பட்டறைக்குக் காட்ட அவனுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

மேடத்திடம் ஓடினேன்.

“லூர்து எப்படி இருந்தான் மேடம்? திரும்ப வரவைக்க முடியாதா?”

“நீங்க சொல்றவரு எங்கிட்ட வந்தாரா இல்லையான்னுகூட நான் சொல்ல முடியாதுங்க சார்.”

“எனக்குத்தான் தெரியுமே!”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். நான் சொல்லல.”

கதவு வரை கூடவே வந்தார். “பொதுவா ஒண்ணு சொல்றேன். பாதியில நின்னவங்க யாரா இருந்தாலும் எப்ப வேணா வரலாம். ஏன் நின்னீங்கன்னு கேக்க மாட்டேன்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “உங்க கட்டுரை வந்த அன்னிக்கே நான் மாறியிருக்கணும் சார். எனக்கும் தோணாம போச்சு. இப்பல்லாம் யாரையுமே முதல்ல பாக்கறதில்ல. காய் வாங்கப் போனாக்கூடத் தலையக் குனிஞ்சுக்கறேன். திமிருன்னு பேசிக்கறாங்க. பேசட்டும்.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை.

போன வியாழன் டீக்கடையில் லூர்துவிடம் சொன்னேன். “எப்ப வேணா வரலாமாம்டா. எதுவும் கேக்க மாட்டாங்களாம்.”

டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். “யாரு, சேத்தியாத்தோப்பு அக்காவா?”

வடை சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். கண்ணுக்குக் கீழே பழைய கருப்பு திரும்பி வந்திருக்கிறது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

“பேர மட்டும் மாத்திடு. ஊரே சிரிச்சி முடிச்சிட்டுது, இனிமே என்னா கெடப் போவுது?”

“வேலையையும் மாத்திடட்டுமா?”

“அதத்தான் அவங்களே மாத்திட்டாங்களேடா.”

அன்று டைரியில் ‘வியாழன் — லூர்து வந்தான்’ என்று எழுதினேன். பன்னிரண்டாவது தடவையாக ‘வரவில்லை’ என்று எழுத எனக்கு ஒரு வியாழன் கிடைக்காதா?