ஓரம் வெட்டிய வரைபடம்

போன வாரம் அடையாற்றில் ஒரு பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். எதிர்ச்சுவரில் பழைய மெட்ராஸ் வரைபடம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பல்வலி போய் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. எழுந்துபோய் அதன் அடி ஓரத்தை உற்றுப் பார்த்தேன். நல்லவேளை, எழுத்துகள் இருந்தன. "சார், கண்ணாடியத் தொடாதீங்க" என்றது அங்கிருந்த பெண். "தொடலம்மா, படிக்கிறேன்." கிறுக்கு என்று நினைத்திருக்கும். நினைக்கட்டும்.

கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். உருப்படியான வேலை கிடைக்காமல் சுற்றிய காலத்தில் மயிலாப்பூரில் ஒரு ஃபிரேம் கடையில் இருந்தேன். மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை வாடை சட்டையை விட்டுப் போகவே போகாது. சாமி படங்கள்தான் பிழைப்பு. ஜவுளிக்கடை காலண்டரைக் கொண்டு வருவார்கள்; முருகன் காலடியில் இருக்கும் கடைப் பெயரை வெட்டி எறிந்துவிட்டு ஃபிரேம் போடுவோம். சாமிக்குக் கீழே விளம்பரம் எதற்கு?

முதலாளிக்குப் பழைய வரைபடங்கள் மேல் பைத்தியம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. தகடு அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும். கடல் முழுக்க முடி முடியாகக் கீறல்கள். செதுக்கியவன் கண் என்னத்துக்கு ஆகியிருக்கும்! அடியில் பொடி எழுத்தில் அவன் பெயரும் ஊரும் வருஷமும் இருக்கும். மனுஷன் அங்கேயும் காலண்டர் பழக்கத்தைக் காட்டினார். சர்ரென்று ஒரு வெட்டு. படம் ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

ஆரோக்கியம் அக்கா பட்டினப்பாக்கம் ரோட்டோரத்தில் மீன் விற்றவள். செத்துப்போன புருஷன் போட்டோவுக்கு ஃபிரேம் போட வந்தவள், சுவரில் இருந்த வரைபடத்தின் முன் நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா இது, சாந்தோம் கோயிலா?"

"ஆமாக்கா."

"அப்போ இங்க கீறது எங்க குப்பம்."

அவள் விரல் வைத்த இடத்தில் நிஜமாகவே ஒரு வரிசைக் குடிசைகள், கரையில் கட்டுமரங்கள். பக்கத்தில் மீனவர் கிராமம் என்று இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொன்னதும் அழுதுவிட்டாள். நேற்று வந்து குந்தினவர்கள் என்று சொல்லி, அவளுடைய சின்னக் குப்பத்தைக் காலி செய்ய வழக்கு நடந்துகொண்டிருந்தது. முதலாளி படத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "கொண்டுபோய் ஜட்ஜு முன்னால வைம்மா." எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றுதான் கேட்டாராம்: இது எந்த வருஷத்துப் படம், யார் போட்டது? படத்தில் பதில் இல்லை.

மறுநாள் அக்கா ஓடி வந்தாள். "வெட்டுன துண்டு எங்க நைனா? அத்தக் குடு, ஒட்டிக்கலாம்." வெட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, எந்த அடுப்பில் எரிந்ததோ. சொன்னால் கேட்டால்தானே! குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு துண்டாக என்னிடம் நீட்டினாள்.

"இதா நைனா?"

"இல்லக்கா."

"இதா?"

எல்லாம் ஜவுளிக்கடைப் பெயர்கள். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. வேறு பிரதி தேடி அலைந்தோம். கிடைப்பதற்குள் தீர்ப்பும் வந்தது, புல்டோசரும் வந்தது.

இப்போது அந்த இடத்தில் நடைபாதை. காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கடையும் இல்லை, முதலாளியும் இல்லை. அக்காவுக்கு ஊருக்கு வெளியே, கடல் காற்று எட்டாத அடுக்குமாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"பொறந்ததுலேர்ந்து கொழம்புக்கு மீன வெலைக்கு வாங்குனதில்ல நைனா. இப்போ ஐஸ் மீனு வாங்கித் துன்னுகினு கீறேன்."

அடுத்த முறை போனபோது அந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள்.